கடையில் காய்ச்சும் ரூட் பீர்: சுவைபார்க்க வருவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் டெலியில் (இறைச்சியும் சாண்ட்விச்சும் விற்கும் கடையில்) வேர், பட்டை, இலைகளைக் கொண்டு காய்ச்சும் ரூட் பீர் என்ற மது இல்லாத பானத்தை இப்போது 100 மில்லி சிறு குவளையிலும் தருகிறோம். சாண்ட்விச் வாங்குவோருக்கு அதற்குத் தனிக் காசு கிடையாது. தமிழ் வாடிக்கையாளர்களில் பலர் முதல் மடக்கிலேயே “இது தைலம் மாதிரி அல்லவா இருக்கிறது” என்று குவளையை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த வாசனை எதிலிருந்து வருகிறது, எதனோடு குடித்தால் அது தன் இடத்தில் போய் உட்காரும் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

நீங்கள் சொல்வது சரிதான். இதில் நாங்கள் சேர்க்கும் விண்டர்கிரீன் என்ற செடியின் இலைக்கும் இனிப்பு பிர்ச் மரப்பட்டைக்கும் மணம் தருவது மெத்தில் சாலிசிலேட் என்ற வேதிப்பொருள். மூட்டுவலித் தைலங்கள் பலவற்றில் இருப்பதும் அதேதான். அமெரிக்காவில் வளர்ந்தவர்கள் சிறு வயதிலேயே மிட்டாயிலும் சூயிங் கம்மிலும் அதைச் சுவைத்துவிடுகிறார்கள். நமக்கோ பாட்டியின் முழங்காலில் தேய்த்த ஞாபகம்தான் முதலில் வரும். அளவு மிஞ்சினால் அவர்களுக்கும் அது தைலம்தான். ஆகவே இந்த ஒரு சரக்கில்தான் நாங்கள் மிகவும் கவனமாக இருக்கிறோம்.

பழைய நாளில் ரூட் பீருக்கு ஆதாரம் சாசாஃப்ராஸ் என்ற மரத்தின் வேர். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் சார்லஸ் ஹையர்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர் இந்தப் பானத்தை மக்களிடம் கொண்டுபோனார். வேர்களும் பட்டைகளும் கலந்த பொட்டலமாகவும் அவர் விற்றார். வீட்டில் காய்ச்சி, ஈஸ்ட் சேர்த்துப் பாட்டிலில் அடைத்துக் குடித்தார்கள். சாசாஃப்ராஸ் எண்ணெயில் பெரும்பங்கு சாஃப்ரோல் என்ற வேதிப்பொருள். அது ஆய்வகத்தில் எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கியது தெரிந்ததும், 1960இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. சாஃப்ரோல் நீக்கிய சாறு கிடைக்கிறது. நாங்கள் அதையும் வாங்குவதில்லை. பிர்ச், விண்டர்கிரீன், சர்சபரில்லா மூன்றையும் கொண்டே மணத்தைக் கட்டுகிறோம்.

சர்சபரில்லா நம்மூர் நன்னாரிதானே என்று கேட்கிறார்கள். இல்லை. நன்னாரிக்கு ஆங்கிலத்தில் இந்தியச் சர்சபரில்லா என்று பெயர் வைத்ததால் வந்த குழப்பம் அது. இரண்டும் வெவ்வேறு குடும்பச் செடிகள். நன்னாரி வேரைக் கிள்ளி முகர்ந்தாலே வெனிலா போல மணக்கும். சர்சபரில்லா வேரில் மணம் குறைவு, மண் வாசமும் லேசான கசப்பும்தான். அது தருவது அடித்தளமும் நுரையும். அந்த வேரிலும் அதிமதுரத்திலும் உள்ள சப்போனின்கள்தான் குவளையின் மேல் நுரையைப் பிடித்து நிறுத்துகின்றன. தனியாக நுரைச் சாறு எதுவும் நாங்கள் சேர்ப்பதில்லை.

19 லிட்டர் எஃகுப் பீப்பாய் ஒன்றுக்கு எங்கள் அளவு: சர்சபரில்லா வேர் 110 கிராம், பிர்ச் பட்டை 60, காய்ந்த விண்டர்கிரீன் இலை 30, தட்டிய இஞ்சி 60, அதிமதுரம் 15, அன்னாசிப்பூ நான்கு, கீறிய வெனிலா காய் இரண்டு, கரும்புச் சர்க்கரை 1.8 கிலோ, மொலாசஸ் என்னும் கரும்பாகு 250 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி.

இலையையும் பட்டையையும் எடுத்தவுடன் கொதிநீரில் போடுவதுதான் வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. இலைக்குள் அந்த மணம் சர்க்கரையோடு பிணைந்து, மணமே இல்லாத பொருளாகக் கிடக்கிறது. இலையை நசுக்கித் தண்ணீரில் ஊறவைத்தால் அதிலுள்ள நொதி பிணைப்பை வெட்டி மணத்தை விடுவிக்கும். கொதிநீர் பட்டால் நொதி செத்துப்போகும். பிறகு எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் வைக்கோல் தண்ணீர்தான் கிடைக்கும். நாங்கள் இரண்டையும் இடித்து, 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் மூடி, ஓர் இரவு ஊறவைக்கிறோம். காலையில் மூடியைத் திறந்தால் மணம் முகத்தில் அடிக்கும். மற்ற வேர்களை நான்கு லிட்டர் நீரில் அரை மணி நேரம் தனியாகச் சிறு தீயில் காய்ச்சுகிறோம். அன்னாசிப்பூ மட்டும் கடைசிப் பத்து நிமிடம்; அதற்கு மேல் கிடந்தால் இருமல் மருந்து வாடை வந்துவிடும். ஊறல் நீரை இறுதியில் ஊற்றி, ஒரே ஒரு கொதி வந்ததும் மூடியோடு இறக்கிவிட வேண்டும். மூடாமல் விட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும்.

வடிகட்டிச் சர்க்கரை, மொலாசஸ், உப்பைக் கரைத்து, ஆறவைத்து, மீதித் தண்ணீர் சேர்த்துப் பீப்பாயில் அடைக்கிறோம். ஈஸ்ட் போடுவதில்லை, ஆகவே இதில் மது இல்லை. 3 டிகிரி குளிரில், சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஐந்து நாள் ஏற வேண்டும். அவசரப்பட்டு இரண்டாம் நாளே திறந்தால் நுரை மட்டும் பொங்கும். குமிழி நாக்கில் நிற்காது. காலையில் முதல் குவளையை நாங்கள் கீழே கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் குழாயில் நின்று சூடேறிய பானம் அது.

பிர்ச் பட்டையின் காரம் பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் ஒரு பீப்பாய் போல மற்றொன்று அப்படியே இருக்காது. குவளை அடியில் தங்கும் பழுப்பு வண்டல் வேரின் தூள்தான்.

இனி, சுவைக்கும் முறை. ஐஸ் கேட்காதீர்கள். ஐஸ் பட்டதும் குமிழி உடைந்து, நீர்த்துப்போய், தைல வாசனை மட்டும் தனித்து நிற்கும். முதலில் முகர்ந்து, ஒரு மடக்கு வெறுமனே குடியுங்கள். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து கடுகு தடவிய ரை தானிய ரொட்டியில் வைத்த சூடான பாஸ்ட்ராமியை ஒரு வாய் கடியுங்கள். உப்பில் ஊறி, மிளகும் மல்லியும் அப்பி, புகையில் வெந்து, பிறகு ஆவியில் குழைந்த மாட்டிறைச்சி அது. அதன் கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போதே இரண்டாவது மடக்கு. குமிழி கொழுப்பை வழித்தெடுக்கும், விண்டர்கிரீனின் குளிர்ச்சி மிளகுக் காரத்தின் மேல் படியும், மொலாசஸ் உப்பைத் தணிக்கும். ரொட்டியிலுள்ள, சீரகம் போன்ற கேரவே விதையும் பானத்திலுள்ள அன்னாசிப்பூவும் கைகோப்பது அப்போதுதான் தெரியும். கோலாவில் பாஸ்பாரிக் அமிலத்தின் புளிப்பு முன்னால் நிற்கும். இதில் புளிப்பு குறைவு என்பதால் இறைச்சியின் சுவையை அது மறைப்பதில்லை. ஊறுகாய் வெள்ளரிக்காயைக் கடைசிக்கு வையுங்கள். அதன் புளிப்புக்குப் பின் எந்தப் பானமும் அளவுக்கு மேல் தித்திக்கும்.

ஐஸ்கிரீம் மிதக்கவிட்ட ரூட் பீர் இங்கே கிடைக்காது. எங்களுடையது கோஷர் இறைச்சிக் கடை. யூத உணவு நெறிப்படி இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைக்கவோ உண்ணவோ கூடாது. பால் சேர்ந்த எக் கிரீம் என்ற சோடா பானமும் அதனால்தான் இங்கே கிடையாது. பால் பானங்களுக்கு இடமில்லாத டெலி மேசையில் சோடா வகைகள் வேரூன்றியதற்கு இந்த நெறி ஒரு முக்கியக் காரணம். நியூயார்க் டெலிகளில் டாக்டர் பிரவுன்ஸ் நிறுவனத்தின் செலரி சோடா இன்றும் பாஸ்ட்ராமிக்குத் துணையாக வருகிறது.

சைவர்கள் ரூட் பீரைத் தயங்காமல் குடிக்கலாம், விலங்குப் பொருள் எதுவும் இல்லை. ஆனால் உருளைக்கிழங்கு க்னிஷ் (உள்ளே கிழங்கு வைத்த மாவுப் பண்டம்) போன்றவற்றில் கோழிக்கொழுப்பு சேரக்கூடும். தட்டு வருமுன் கல்லாவில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. முதல் இருவருக்கும் சாலிசிலேட், பின்னவர்களுக்கு அதிமதுரம் காரணம்.

வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஒரு லிட்டர் பாட்டிலில் பாதுகாப்பு ரசாயனம் எதுவும் இல்லை. குளிர்பெட்டியில் வைத்து ஏழு நாளுக்குள் முடித்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். காற்றிலிருந்து விழுந்த ஈஸ்ட் ஒரு துளி இருந்தாலும் சூட்டில் சர்க்கரையைத் தின்று வாயுவைப் பெருக்கும். பாட்டிலின் அடிப்பகுதி புடைத்திருந்தால் உடனே திறக்க வேண்டாம். சில மணி நேரம் நன்றாகக் குளிரவைத்து, தொட்டிக்கு மேல் பிடித்து, மூடியைக் கால் திருகு திருகி வாயுவை விட்டு விட்டுத் திறங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டு, காலிப் பாட்டிலோடு வாருங்கள். வேறு பாட்டில் தருகிறோம்.

இப்படிக்கு,
கடையார்