மகனைப் பற்றி நீ கேட்டது

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் நான் வந்து இறங்கிய அன்றே கைக்குக் கிடைத்தது. 28 நாள் கடல், 28 நாள் வீடு என்ற கணக்கில் இப்போது வீட்டுப் பங்கு ஓடுகிறது. இரணைமடுவில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வாய்க்கால் கரையில் நடந்தாலே மனம் நிறைகிறது. 12 மணித்தியால இரவு வேலைக்குப் பழகிய உடம்பு மட்டும் பகலில்தான் தூக்கம் கேட்கிறது.

உன் மகன் றிக்குக்கு, அதுதான் கடலில் எண்ணெய், வாயுக் கிணறு துளைக்கிற தளத்துக்கு, போகப்போகிறேன் என்று நிற்கிறான் என எழுதியிருந்தாய். சம்பளத்தை அவனே விசாரித்திருப்பான். நான் வேலையைச் சொல்கிறேன்.

எங்கள் காணியில் அப்பா கிணறு வெட்டுவித்தது உனக்கு நினைவிருக்கும். ஆள் இறங்க முன்னர் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஒருவரும் இறங்குவதில்லை. மேலே கயிறு பிடித்து நின்ற பெரியவர் எங்களோடு ஒரு சொல் கதைக்கமாட்டார். காதும் கையும் கீழேதான் இருக்கும். டிரில்லராக, துளைக்கிற இயந்திரத்தை நடத்துகிற கதிரையில் இருக்கும்போதெல்லாம் அவர்தான் என் நினைவுக்கு வருவார்.

எங்கள் றிக் மூன்று கால்களைக் கடல் தரையில் ஊன்றி நிற்கிற வகை. நாங்கள் துளைக்கிற பாரசீக வளைகுடாவின் பெரும்பகுதி 100 மீற்றருக்குள் இருப்பதால் கால் எட்டுகிறது. 2011இல் வாயு கண்ட நம் மன்னார்க் கடலில் தண்ணீரே 1,300 மீற்றருக்கு மேல். அங்கே சிக்கியூ என்ற ஜப்பான் கப்பல் வந்துதான் துளைத்தது.

துளைக்கும்போது மட் என்ற கனத்த சேற்றுக் கலவையைக் குழாய் வழியே கீழே தள்ளுவோம். அது கல்தூளை அள்ளிக்கொண்டு குழாயின் வெளிப்பக்கமாக மேலே வரும். பாறைக்குள் இருக்கிற வாயுவை அமுக்கி வைத்திருப்பதும் அதன் கனம்தான். அனுப்பியதைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தால் கீழே வாயுவோ எண்ணெயோ உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கிக் என்போம்.

போன பயணத்தில் ஒருநாள் அதிகாலை 3 மணி. வந்து நான்கு மாதம்கூட ஆகாத ஒரு பிலிப்பைன்ஸ் பெடியன், மட் தொட்டி ஏறுகிற மாதிரி இருக்கிறது என்றான். திரையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வேலை இரண்டு நாள் பிந்தியிருந்தது, எல்லோருக்கும் அவசரம். நான் துளைப்பதை விட்டு, குழாயைத் தூக்கி, பம்பை நிறுத்திப் பார்த்தேன். பம்ப் நின்ற பிறகும் மட் வந்துகொண்டிருந்தது. உடனே கிணற்றின் வாயை மூடினேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, அந்த உரிமை டிரில்லருக்கு உண்டு. வாயுவை வெளியேற்றிக் கனமான மட் நிரப்பி முடிக்க மறுநாள் முழுக்கப் போனது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

2010 ஏப்ரல் 20 இரவு மெக்சிக்கோ வளைகுடாவில், டீப்வாட்டர் ஹொரைசன் என்ற றிக்கில், கிணறு வெடித்து 11 பேர் செத்தார்கள். அழுத்தச் சோதனையின் முடிவைப் பிழையாக விளங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருந்தார்கள். வகுப்பில் அதைப் படித்த நாளில் வந்த பயம் என்னை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

நேரே அந்தக் கதிரைக்குப் போகமுடியாது. தளத்தில் சாமான் தூக்கி, குழாய் பூட்டி, டெரிக் என்ற கோபுரத்தில் ஏறி, பிறகு உதவி டிரில்லர். எனக்கு 11 வருடம் எடுத்தது. அம்மாவின் செத்தவீட்டுக்கும் வரமுடியவில்லை, நான் வந்து சேர எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. அதையும் அவனிடம் சொல்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான் மச்சான். பெரியவர்கள் நிற்கிற இடத்தில் அவன் "நிறுத்துங்கோ" என்று வாய்விட்டுச் சொல்வானா? சின்னதில் அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற அடக்கமான பிள்ளை. நாங்கள் அப்படித்தானே வளர்க்கிறோம். அந்தப் பிலிப்பைன்ஸ் பெடியனும் பேசாமல் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருப்பேனோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வா. அப்பா வெட்டுவித்த கிணறு இன்னும் நல்ல தண்ணீர்தான். கிணற்றுக் கட்டில் இருந்து மூன்று பேரும் கதைப்போம். மனுசி ஒடியல் கூழ் காய்ச்சுவதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்