கென்னத் ஹார்னும் உன் மாத்திரையும்

திருச்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாணிக்கம்,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, மன்னித்துக்கொள். வலது கண்ணில் புரை எடுத்தார்கள், இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. பெரியவளுக்குச் சேலத்துக்கு மாற்றல். பேரனுக்குப் பல் முளைத்து, கிட்டே போகிறவரையெல்லாம் கடிக்கிறான். வாய்ப்பாடு கோபால் உன்னை விசாரித்தான், குடையை இன்னும் திருப்பித் தரவில்லையாம்.

இன்று காலை செல்வி தங்கச்சி போன் செய்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நீ ஒன்றரை மாதமாகத் தொடுவதில்லை என்று சொல்லி அழுதாள். யாரோ ஒருவர் நாடி பிடித்துப் பார்த்து, இனி இது வேண்டாம், என் கையால் குணமாகிவிட்டது என்றாராமே! அப்போதே உன்னைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் போனில் நீ "சரிடா, சரிடா" என்று வைத்துவிடுவாய். முப்பது வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தவனுக்கு இது தெரியாதா? அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ பாதியில் நிறுத்தினால் தங்கச்சி மீதியை வாசித்துக் காட்டுவாள்.

உனக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் படிக்கக் கூடாது என்றார்கள். சின்னவள் பழைய பிபிசி வானொலி நகைச்சுவை நிகழ்ச்சிகளைப் போனில் ஏற்றிக் காதில் மாட்டிவிட்டாள். அதில் ஒன்று 'ரவுண்ட் த ஹார்ன்'. 1965 முதல் 1968 வரை ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வந்தது. ஒன்றரைக் கோடிப் பேர் கேட்டார்கள் என்கிறார்கள். அதன் நடுவில் நிற்கிற குரல் கென்னத் ஹார்னுடையது. வங்கி மேனேஜர் குரல். ஒரு நாளும் உயராது. சுற்றிலும் கென்னத் வில்லியம்ஸ், ஹியூ பேடிக், பெட்டி மார்ஸ்டன், பில் பெர்ட்வீ என்று ஆளுக்குப் பத்துக் குரலில் ஆட்டம் போடுவார்கள். இவர் மரியாதையாக ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான், அரங்கம் அதிரும். தொடக்கத்தில் "போன வாரக் கேள்விகளுக்கு விடை" என்று சிலவற்றை வாசிப்பார். கேள்வி என்ன என்று சொல்லவே மாட்டார். விடையிலிருந்து கேள்வியை நாம் ஊகித்துச் சிரிக்க வேண்டும். கணக்கு வாத்தியார் உனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அதில் ஜூலியன், சாண்டி என்று இரண்டு பாத்திரங்கள் வருவார்கள். வாரத்துக்கு ஒரு தொழில் நடத்துவார்கள். ஹார்ன் கதவைத் திறந்தால் எந்தக் கடையிலும் அவர்களேதான். நாடகக்காரர்களும் ஆண்களை நேசித்த ஆண்களும் தங்களுக்குள் பேசிவந்த 'போலாரி' என்கிற குழூஉக்குறியில் பேசுவார்கள். இங்கிலாந்தில் 1967 வரை அந்த உறவு சட்டப்படி குற்றம். அந்த நாளில் நாடே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவ்விருவரையும் ரசித்திருக்கிறது. அதற்கு ஹார்ன்தான் காரணம் என்பது என் எண்ணம். அவர் அவர்களை ஒருபோதும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. கடைக்கு வந்த நல்ல வாடிக்கையாளர் மாதிரி, சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1907இல் பிறந்தவர். அப்பா சில்வெஸ்டர் ஹார்ன், பெயர்பெற்ற கிறிஸ்தவப் போதகர், எம்.பி. 1914இல் கனடாவுக்குக் கப்பலில் போகும்போதே இறந்துபோனார். பையனுக்கு ஏழு வயது. கேம்பிரிட்ஜில் சேர்ந்தான், படிக்காததால் வெளியே அனுப்பினார்கள். பிறகு ட்ரிப்ளெக்ஸ் என்ற கண்ணாடிக் கம்பெனியில் விற்பனை வேலை. போர் வந்தபோது விமானப்படையில் விங் கமாண்டர் வரை உயர்ந்தார். விமானத் துறை அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர் நடிகர் ரிச்சர்ட் மர்டாக். ஒரே அறை, இரண்டு பேர். நம்மைப் போலத்தான், மாணிக்கம். சேர்ந்து எழுதினார்கள். கற்பனையாக ஒரு விமானத் தளத்தை உண்டாக்கி, 'மச் பைண்டிங் இன் த மார்ஷ்' என்று பெயர் வைத்தார்கள். அந்த வானொலி நிகழ்ச்சி 1944இல் தொடங்கியது, போர் முடிந்த பிறகும் பல வருடம் ஓடியது. கடைசியில் பாடும் பாட்டுக்கு வாராவாரம் புது அடி எழுதுவார்கள். இத்தனையும் தொழிலை விடாமல்!

1958 பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. அப்போது சாட் வேலி என்ற பொம்மைக் கம்பெனியின் தலைவர். இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வானொலிக்காரருக்குப் பேச்சு போனால் என்ன இருக்கிறது? விடாமல் பயிற்சி செய்து மீண்டார். தொழிலை உதறிவிட்டு ஒலிவாங்கியே போதும் என்று முடிவெடுத்தார். அதே வருடம் ஜூலையில் 'பியாண்ட் அவர் கென்' என்ற அவருடைய வானொலி நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. எரிக் மெரிமனும் பாரி டுக்கும் எழுதினார்கள். 1964இல் மெரிமன் விலகினார். டுக், மார்ட்டி ஃபெல்ட்மனைக் கூட்டிக்கொண்டு எழுதியதுதான் 'ரவுண்ட் த ஹார்ன்'. ஹார்னுடைய ஆகச் சிறந்த வேலை முழுவதும் அந்த நோய்க்குப் பிறகு வந்தது. 1966 அக்டோபரில் மாரடைப்பு. அதிலிருந்தும் எழுந்து, அடுத்த வருடமே திரும்பினார்.

இனி நான் சொல்வதை நிதானமாக வாசி.

1969 பிப்ரவரி 14, லண்டன் டார்செஸ்டர் ஹோட்டலில் தொலைக்காட்சி விருது விழா. தொகுத்து வழங்கியது ஹார்ன். அவருக்கே எழுதிக்கொடுத்த டுக்குக்கும் ஃபெல்ட்மனுக்கும் விருது. 'ரவுண்ட் த ஹார்ன்' மறுபடி வரப்போகிறது, கேளுங்கள் என்று சொன்னவர், மேடையிலிருந்து அப்படியே விழுந்தார். எழுந்திருக்கவில்லை. 62 நிறைய இன்னும் 13 நாள். பிறகுதான் தெரிந்தது: ரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தியிருந்தார். நம்பிக்கையால் குணப்படுத்துவதாகச் சொன்ன ஒருவர் நிறுத்தச் சொன்னாராம்.

இதைப் படித்த இரவு எனக்கு வெறும் வருத்தம்தான். இன்று தங்கச்சி பேசியபோது கை நடுங்கிவிட்டது. அவரும் உன்னைப் போலத்தான், உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்திருப்பார். உடம்பு நன்றாக இருந்ததே மாத்திரையால்தான் என்றால்? நாலு தொடர் வந்த 'ரவுண்ட் த ஹார்ன்', அவர் மேடையில் சொன்ன ஐந்தாம் தொடராக வரவேயில்லை. அவர் இல்லாமல் முடியாது என்று, எழுதியதை மாற்றி வில்லியம்ஸை வைத்து வேறு பெயரில் போட்டார்கள்.

நாடி பார்த்தவரை நான் குறை சொல்லவில்லை, கஷாயம் குடிப்பதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடி. ஆனால் இரண்டு வருடம் முன்பு உன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்களே, அன்று ஐசியூ வாசலில் தங்கச்சியோடு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு இன்னொரு இரவு அப்படி வேண்டாம்.

நீயாக மாத்திரையைத் திரும்பப் போட ஆரம்பிக்காதே. நாளைக்கே டாக்டரிடம் போகிறோம், எத்தனை நாள் விட்டாய் என்று மறைக்காமல் சொல்கிறாய். நான் முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன், எட்டு மணிக்குத் தஞ்சாவூர் வந்துவிடுவேன். பழைய சீட்டையும் மீதி மாத்திரை அட்டையையும் தங்கச்சியிடம் எடுத்து வைக்கச் சொல். இயர்போனையும் கொண்டுவருகிறேன். டோக்கன் வரும்வரை ஜூலியனையும் சாண்டியையும் கேட்போம்.

உன்,
சீனு