சிலிண்டர் பேரலின் மீது பற்றவைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரம் பிளக்கும் இயந்திரத்தையும் டிராக்டருக்கான டிப்பர் டிரெய்லரையும் தாங்களே செய்துகொண்ட விவசாயிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியைப் படித்தேன். அவர்களது முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் உடன் வந்த படத்தில், எண்ணெய் அழுத்தத்தால் பாரத்தைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டரின் பேரல் மீதே, அதாவது பிஸ்டன் ஓடும் வெளிக்குழாயின் மீதே, ஏறக்குறைய நடுப்பகுதியில், இரும்புத் தகட்டைப் பற்றவைத்து, பின் (இணைப்புக் கம்பி) கோக்கும் பிராக்கெட்டாக ஆக்கியிருந்தார்கள். சிலிண்டர் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், படத்தைப் பார்த்து அப்படியே செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெளியே வெறும் குழாய்போலத் தெரிந்தாலும், பேரலின் உட்புறம் ஹோனிங் செய்து, அதாவது நுண்ணியதாகத் தேய்த்து, கண்ணாடிபோல் வழவழப்பாக்கப்பட்டது. 80 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள துளைக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் அளவு வேறுபாடு 0.046 மில்லிமீட்டர்தான். அதன் மேல் வெல்டிங் போட்டால், உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கிக் குழாயின் சுவரை இழுக்கிறது. அந்த இடத்தில் துளை குறுகுவதோடு, பேரலே வெல்டிங் போட்ட பக்கமாகச் சற்று வளைந்தும் விடுகிறது. பிஸ்டன் அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், அதைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான சீல் சீவப்படுகிறது. முதல் சில வாரங்களுக்கு எதுவும் தெரியாது. பிறகுதான், தூக்கி நிறுத்திய பாரம் தானாகவே மெல்ல இறங்கத் தொடங்கும். உரிமையாளர் சீல் கிட் தரமில்லை என்று கடைக்காரரைத் திட்டிவிட்டுப் புதிய சீல் போடுவார். அதுவும் அதே இடத்தில் அறுபடும்.

விசையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 80 மில்லிமீட்டர் துளையுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தம் ஏறும்போது பிஸ்டன் தள்ளும் விசை ஏறத்தாழ 10 டன். பக்கவாட்டில் ஒட்டிய பிராக்கெட்டில் அந்த 10 டன்னும் நேர்கோட்டில் இறங்காமல் சிலிண்டரை முறுக்கித் திருப்பவே பார்க்கும். அதனால் ராடு (பிஸ்டனோடு இணைந்து வெளியே நீளும் தண்டு) வளைவது ஒருபுறமிருக்க, வெல்டிங்கின் ஓரத்தில் விரிசல் விழுந்து, அது குழாயின் சுவருக்குள்ளும் இறங்கக்கூடும். அந்த விரிசலில் எண்ணெய் ஊசிபோலப் பீறிடும்போது, கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. தோலைத் துளைத்து எண்ணெய் உள்ளே சென்றுவிட்டால், வெளியே சிறு புள்ளிதான் தெரியும் என்றாலும், உடனடியாக அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய காயம் அது.

பற்றவைத்தே ஆக வேண்டுமென்றால், அதற்குரிய இடம் பேரலின் அடியில் உள்ள தடித்த மூடிதான். அதையும் சிலிண்டரை முழுதாகக் கழற்றி, பிஸ்டனையும் சீல்களையும் வெளியே எடுத்து, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்த பிறகே செய்ய வேண்டும். சீல்கள் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே கெடத் தொடங்கும். ஒரே மூச்சில் போடாமல், சிறிது போட்டு ஆறவிட்டுத் தொடர்வது நல்லது. இரு முனைகளிலும் உள்ள பின்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று டாக் (தற்காலிகச் சிறு பற்றவைப்பு) வைக்கும்போதே பார்த்துவிட வேண்டும். நடுப்பகுதியில்தான் பிடிப்பு வேண்டுமென்றால், சிலிண்டர் செய்பவரிடமே சொல்லி அதற்கான வளையத்தோடு செய்து வாங்குவதே முறை. ராடின் முனையில் மரை வெட்டி, பின் நுழையும் வளையமான கண்ணைத் திருகுவதே சரி. குரோம் பூசிய ராடில் நேரடியாகப் பற்றவைத்தால் எழும் புகை நஞ்சு, வெல்டிங்கும் எளிதில் விரிசல் விடும்.

வெல்டிங் மின்சாரம் திரும்பிச் செல்லும் கவ்வியான எர்த் கிளாம்ப்பைப் பெரும்பாலோர் கைக்கு எட்டிய இடத்தில் மாட்டிவிடுகிறார்கள். சிலிண்டரின் ஒருபுறம் கிளாம்ப்பும் மறுபுறம் வெல்டிங்கும் இருந்தால், மின்சாரம் ராடு வழியாகப் பாய்ந்து அதன் பளபளப்பான பரப்பில் பொறிப்புள்ளிகளை உண்டாக்கும். வண்டியின் வேறு பாகத்தில் வெல்டிங் போடும்போதும் இது நேரும் என்பதால், கிளாம்ப் எப்போதும் பற்றவைக்கும் இடத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

சிலிண்டருக்குள் எண்ணெய் மிச்சமிருக்க, எண்ணெய் வந்துபோகும் துளைகளையும் அடைத்துவிட்டுப் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து. தீப்பற்றக்கூடிய பொருள் இருந்த கலனை, அதை நீக்க உரிய நடவடிக்கை எடுக்காமல் பற்றவைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 37-ஆவது பிரிவிலேயே சொன்னது. ஆனால் இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் லேத் பட்டறைகளுக்கு அந்தச் சட்டம் எட்டியதில்லை. எனவே, தொழிற்பயிற்சி நிலையங்களின் ஓராண்டு வெல்டர் படிப்பில் ஹைட்ராலிக் சிலிண்டரைக் கையாளும் முறைக்கு ஒரு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையும் விவசாயிகளுக்கு இதை விளக்கலாம்.

பழைய இயந்திரங்களை உடைத்து விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பின் இறுகிக்கொண்டது என்று கேஸ் கட்டிங்கால் சிலிண்டரின் கண்ணையே வெட்டி எடுப்பது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. கண் இல்லாத சிலிண்டரைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கி வருபவர்தான் பேரலில் பிராக்கெட் ஒட்டுகிறார். பின்னை மட்டும் வெட்டிவிட்டுக் கண்ணை அப்படியே விட்டுக் கொடுத்தால், வாங்குபவருக்குப் பேரலைத் தொடவே தேவை இராது. விற்பவருக்கும் கூடுதல் விலை கிடைக்கும்.

இப்படிக்கு,
ஹைட்ராலிக் பட்டறை வாசகர் ஒருவர்,
திருச்செங்கோடு