0462 நெல்லையிலேயே இருக்கட்டும்

தொலைத்தொடர்புத் துறைக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வணக்கம்.

லேண்ட்லைன் எண்களை மாநில அளவிலான பத்து இலக்கத் திட்டத்துக்கு மாற்றலாம் என்று 2025 பிப்ரவரியில் டிராய் பரிந்துரைத்தது. இப்போது லேண்ட்லைன் எண்கள் ஊர்வாரியான எஸ்.டி.டி. கோடு (0462 போன்ற குறியீட்டு எண்) வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கின்றன; நாடு முழுக்க இப்படி 2,600-க்கும் மேற்பட்ட எஸ்.டி.டி. பகுதிகள் இருக்கின்றன. ஓரிடத்தில் எண்களுக்குத் தட்டுப்பாடு, இன்னோரிடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. சும்மா கிடப்பதை மாநிலம் முழுக்கப் பொதுவாக்கி, வேண்டிய ஊருக்கு எடுத்துக் கொடுப்பது நியாயம்தான். ஆனால் எந்த வரிசையில் எடுக்கப்போகிறீர்கள் என்பதில்தான் எங்கள் கவலை.

1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. 2019-இல் தென்காசியும் பிரிந்தது. எஸ்.டி.டி. கோடுகள் மட்டும் பிரியவில்லை. திருநெல்வேலி 0462, தூத்துக்குடி 0461, கோவில்பட்டி 04632, தென்காசி 04633, அம்பாசமுத்திரம் 04634, சங்கரன்கோவில் 04636, திருச்செந்தூர் 04639. பழைய நெல்லைச் சீமை முழுவதும் இந்த 46-க்குள் இன்னும் ஒன்றாகவே இருக்கிறது. மும்பையில் கடை வைத்திருக்கும் அம்பைக்காரர், பெயர் பதியாத எண்ணாக இருந்தாலும் 04634 என்று கண்டால் உடனே எடுத்துவிடுவார். ஊரிலிருந்து யாருக்கு என்னவோ என்ற பதற்றம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பையும் இப்படித்தான் எடுக்கிறோம். அந்த எண்களை நாளை திருப்பூர்க் கம்பெனிக்கோ சென்னை கால் சென்டருக்கோ கொடுத்துவிட்டால், சில வருடத்தில் ஊர் அழைப்பையும் விளம்பர அழைப்பென்று தள்ளிவிடுவோம்.

ஆகவே, நெல்லையில் எண் போதாவிட்டால் முதலில் சுற்றியுள்ள 0463 கோடுகளில் சும்மா கிடப்பதை எடுங்கள். அங்கும் தீர்ந்த பிறகே மாநிலப் பொதுவுக்குப் போங்கள். எப்படியும் முன்னால் வரும் 0 போக, கோடும் எண்ணும் சேர்ந்தால் எல்லா ஊருக்கும் பத்து இலக்கம்தான். பங்கீட்டு வரிசையில் அண்டை ஊருக்கு முதலிடம் கொடுத்தால் போதும்.

அடுத்தது அந்தச் சுழியம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் 0 போடுகிறோம். இந்தத் திட்டம் வந்தால் பக்கத்துத் தெரு லேண்ட்லைனுக்கும் 0, கோடு, எண் மூன்றையும் அழுத்த வேண்டும். தென்காசியில் மகள் வீட்டு ஆறு இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். பழைய முறையில் அழுத்தினால் அழைப்பை வெட்டிவிடாதீர்கள். சில மாதமாவது, புதிய முறையைத் தமிழில் நிதானமாகச் சொல்லிவிட்டு, இணைப்பையும் கொடுங்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்களில் உள்ள இன்டர்காம் பெட்டிகளையும் மாற்றி அமைக்க வேண்டியிருக்கும்; அதற்கு அவகாசம் தேவை. 108, 112 போன்றவற்றுக்கு முன்னால் எதுவும் சேர்க்க வேண்டாம் என்பதையும் அறிவிப்பில் சொல்லுங்கள்.

இன்னொன்றை மிகவும் வற்புறுத்திக் கேட்கிறோம். இந்தத் திட்டத்தில் இப்போதுள்ள எண் எதுவும் மாறாது. அதை அறிவிப்பின் முதல் வரியாகவே போடுங்கள். இல்லையென்றால், “உங்க நம்பர் மாறப்போகுது, ஓ.டி.பி. சொல்லுங்க” என்று மோசடிக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். போன் பில்லிலும், தபால் நிலையப் பலகையிலும், ரேஷன் கடை வாசலிலும் நடைமுறைத் தேதிக்கு முன்பே அது தமிழில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமை லேண்ட்லைன் வாடிக்கையாளர் ஒருவர்