ஊதாப் பூவும் அதன் மணமும்: கண்டியிலுள்ள நண்பருக்கு ஒரு கடிதம்

ஒட்டுசுட்டான்,
பங்குனி மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் காலபோக அறுவடை நேரத்தில் வந்து சேர்ந்தபடியால் பதில் எழுதச் சற்றுச் சுணங்கிவிட்டது. நெல் இம்முறை பழுதில்லை, வீட்டில் எல்லோரும் சுகம். மண்ணில்லாமல் மரக்கிளைகளில் வளரும் அன்னாசிக் குடும்பத்துக் காற்றுத்தாவரங்களான டில்லான்சியாக்களில், ஊதா நிறத்தில் மணத்தோடு பூப்பவற்றைக் கலப்பினமாக்கலாமா என்று நீர் கேட்டிருந்தீர். அதற்கு ஒரு வரியில் மறுமொழி சொல்ல முடியாது.

என் வளவில் உள்ளவற்றில் நான் முதலிடம் கொடுப்பது டில்லான்சியா டுராட்டிக்குத்தான். பொலிவியா, பராகுவே, ஆர்ஜென்டினா நாடுகளின் வறண்ட காடுகளில், கொளுத்தும் கோடையையும் மழையற்ற மாதங்களையும் தாங்கி வளர்வது அது. வளர்ந்த செடியில் வேர் என்று சொல்லத்தக்கது அநேகமாக இராது. சாம்பல் நிற இலைகளின் நுனிகளே சுருண்டு கிளையைப் பற்றிக்கொண்டு செடியை மேலே கொண்டு போகின்றன. நான் அதைத் தங்கூசியால் ஒரு பாலை மரக்கிளையில் கட்டிவிட்டேன், இப்போது கட்டு இல்லாமலே நிற்கிறது. அது பூத்திருக்கும் நாட்களில் முற்றத்துக்கு வருகிறவர்கள், யாரோ பழுத்த திராட்சையைப் பிழிந்து வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறார்கள்.

இதற்கு நெருங்கிய உறவு, நீர் வைத்திருக்கும் ஸ்ட்ரெப்டோகார்ப்பா. பிரேசிலிலிருந்து வரும் மல்லிமொண்டி என்ற சிறிய இனமும் ஊதா கலந்த நீலத்தில் மணத்தோடு பூப்பது. இலை நூல் போல மெல்லியதாகையால் எங்கள் கச்சான் காற்றில் அதற்கு நிழல் கட்டாயம் வேண்டும். பூங்கடைகளில் இளஞ்சிவப்பு மடல் தட்டையாக நிற்க, ஓரத்திலிருந்து ஊதாப் பூ எட்டிப் பார்க்கும் சயனியாவை நீர் கண்டிருப்பீர். எக்குவடோர் நாட்டுச் செடியான அதை அண்மைக் காலத்தில் வாலிசியா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பச்சை இலைக்காரியான அது உமது கண்டிக்குப் பொருந்தும், வன்னிக்குப் பொருந்தாது.

இங்கே வெயிலைவிடப் பெரிய இடைஞ்சல் கிணற்று நீர். இச்செடிகள் இலைமேல் உள்ள நுண்ணிய செதில்களால்தான் தண்ணீர் குடிக்கின்றன. சுண்ணாம்பு மிகுந்த எங்கள் நீரைத் தொடர்ந்து தெளித்தால் அச்செதில்களின் மேல் வெள்ளைப் படிவு ஏறி, செடி நீருக்கு நடுவிலேயே தாகத்தில் வாடும். ஆகவே மாரியில் கூரை நீரைத் தாங்கியில் பிடித்து வைத்து, கோடை முழுவதும் அதையே விடியற்காலையில் தெளிக்கிறேன். இவை இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளிழுப்பன என்பதால், மாலையில் நனைத்து இரவு முழுவதும் ஈரமாக விடுவது நல்லதல்ல. செப்புக் கம்பியால் கட்டவும் வேண்டாம். செம்பு இவ்வினத்துக்கு நஞ்சு. பக்கத்துத் தோட்டத்தில் செம்பு உப்பான மயில்துத்தம் கலந்த மருந்து அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் நான் முதலில் செடிகளைத்தான் உள்ளே எடுப்பேன்.

உமக்குள்ள இடைஞ்சல் இதற்கு நேர்மாறானது, மிகையான ஈரம். ஈரத்துக்கு அஞ்சும் செடிகள் என்று எண்ணித்தான் தாவரவியலாளர் லின்னேயஸ் இவற்றுக்கு எலியாஸ் டில்லான்ஸ் என்பவரின் பெயரை இட்டார் என்பார்கள். அந்த மனிதர் ஒருமுறை கடற்பயணத்தில் பட்ட பாட்டுக்குப் பின், கப்பலேறாமல் வளைகுடாவைச் சுற்றி நடந்தே ஊர் திரும்பினார் என்பது கதை. கதை எப்படியானாலும், தேங்காய்த் தும்பைச் சுற்றிக் கட்டாதீர், குருத்தில் தண்ணீர் தேங்கவிடாதீர், காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் தொங்கவிடும்.

இனிக் கலப்பினம். கடைகளில் பெயர் பெற்ற ‘கொட்டன் கண்டி’ (பஞ்சுமிட்டாய்) என்ற கலப்பினம் ஸ்ட்ரிக்டாவையும் ரெக்கர்விஃபோலியாவையும் சேர்த்துப் பெற்றது. வளர்ப்பதற்கு இலகு, கண்ணுக்கு அழகு, ஆனால் முகர்ந்து பார்த்தால் ஒன்றுமில்லை. மணமுள்ள ஒன்றை மணமற்ற ஒன்றோடு சேர்த்துவிட்டு, பிள்ளைக்கு மணம் வரும் என்று பல வருடம் காத்திருப்பதில் எனக்கு விருப்பமில்லை. இரு பக்கமும் மணமுள்ள டுராட்டியையும் ஸ்ட்ரெப்டோகார்ப்பாவையும் சேர்ப்பதே நம் இருவருக்கும் தகுந்த வேலை என்று படுகிறது.

வேலை நுணுக்கமானது. இவ்வகைப் பூக்களில் மகரந்தப்பைகளும் சூல்முடியும் தொண்டைக்குள் ஆழமாக ஒளிந்திருப்பதால், பூ விரியும் வேளையிலேயே இதழ்களை மெதுவாக விலக்கி, மகரந்தம் உதிருமுன் பைகளைச் சிறு இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தன் மகரந்தத்தாலேயே காய் பிடித்துவிட்டு, கலப்பு என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். பிறகு மற்றச் செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்து, அந்தப் பூவுக்கு நிறநூல் கட்டி, விதை தாங்கும் தாயின் பெயரை முன்னும் மகரந்தம் தந்ததின் பெயரைப் பின்னும் குறித்து வையும். காய் முற்றப் பல மாதங்கள் செல்லும். வெடிக்கும்போது பஞ்சுமயிர் ஒட்டிய விதைகள் காற்றில் பறந்துவிடும் என்பதால், அதற்கு முன்னரே மெல்லிய துணியால் மூடிக் கட்ட வேண்டும். விதையைச் சேமித்து வைக்காமல் உடனே நிழல்வலைத் துண்டில் ஒட்டி ஈரம் காக்க வேண்டும். ஒரு வருடம் கழிந்தும் நாற்று சில மில்லிமீற்றர்தான் இருக்கும், பூவைக் காண்பதற்கு அதன் மேலும் பல வருடங்கள் ஆகும். நம் வயதைப் பற்றி நீர் பகிடி எழுதுவீர் என்று தெரியும், எழுதும்.

இங்குள்ள காட்டு மரங்களில் வளரும் ‘வந்தா தெசலாட்டா’ என்ற ஓர்க்கிட்டும் நல்ல மணமுடையது, பூவின் உதடு போன்ற இதழில் ஊதா நிறமும் உண்டு. அதை அனுப்பும்படி கேட்டிருந்தீர். காட்டிலிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை. தவிர அது வேரால் குடிக்கும் ஓர்க்கிட். அன்னாசிக் குடும்பத்துச் செடியோடு எக்காலத்திலும் கலக்காது.

என் டுராட்டியின் பூந்தண்டு இப்போதுதான் நீண்டு வருகிறது. உமது ஸ்ட்ரெப்டோகார்ப்பா முந்திப் பூத்தால், மகரந்தப்பைகளை எண்ணெய்த்தாளில் மடித்து, நன்றாக உலரவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்திரும். வவுனியாவுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிட்டால் நான் போய் வாங்கிக்கொள்வேன்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்.