கூடலூருக்கு ஒரு கணக்கு

காரைக்குடி
21.12.2025

அன்பு மகள் மெய்யம்மைக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு ஆத்தாவும் நானும் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அங்கே குளிர் கூடியிருக்கும். ராத்திரி யானை விரட்டப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

சம்பளம் வந்தது தெரியவில்லை, போனது தெரியவில்லை என்று ஆத்தாவிடம் போனில் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. முப்பது வருஷம் வனத்துறை அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டவனுக்கு, மகளின் சம்பளம் எங்கே போகிறது என்று எழுதிப் பார்க்கத் தோன்றாதா? எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படி.

வனவர் பதவிக்குத் தொடக்க அடிப்படை 35,900. வருஷம் 3 சதவீத உயர்வு, நூறுக்கு முழுமையாக்கி வரும்: 37,000, 38,100, 39,200, 40,400, 41,600. நீ இப்போது 41,600-இல் இருக்கிறாய். ஜூலை முதல் அகவிலைப்படி 58 சதவீதம், அது 24,128. ஆக 65,728. இதில் பத்தில் ஒரு பங்கு, 6,573, பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடித்தம். மீதி 59,155. மருத்துவக் காப்பீடும் குடும்பப் பாதுகாப்பு நிதியும் சிறு தொகைதான். அரையாண்டுக்கு ஒரு முறை தொழில்வரி 1,250. இதற்கு மேல் மலைப்படி, குளிர்காலப் படி. குடியிருப்பில் இருப்பதால் வீட்டு வாடகைப்படி உனக்கு இல்லை. வருமான வரியும் உனக்கு வராது. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. பழைய முறை என்று யாராவது எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடாதே.

களஞ்சியம் செயலியில் சம்பளச் சீட்டு வரும்தானே? மாதாமாதம் திறந்து மூன்று வரி பார். முதலாவது, உயர்வு வர வேண்டிய காலாண்டில் அடிப்படை ஏறியிருக்கிறதா என்று. விட்டுப்போனால் கேட்காமல் யாரும் போடமாட்டார்கள். இரண்டாவது, வீட்டு வாடகைப்படி. குடியிருப்புக்கு மாறிய பிறகும் இந்த வரி நிற்காமல் ஓடினால் சந்தோஷப்படாதே. தணிக்கையில் கண்டுபிடித்து மொத்தமாகத் திரும்பப் பிடிப்பார்கள், ஒரே மாதத்தில் சம்பளம் பாதியாகிவிடும். அப்படி அழுதவர்களின் பட்டியல்கள் என் கை வழியாகவே போயிருக்கின்றன. மூன்றாவது, பிடித்தத்தில் உனக்குத் தெரியாத ஒரு வரி இருந்தால் உடனே கேள்.

பயணப்படிப் பட்டியலை மாதக் கடைசியிலேயே எழுதிக் கொடுத்துவிடு. மூன்று மாதம் சேர்த்தால் தேதி மறக்கும், ஜீப் பதிவேட்டோடு ஒத்துப்போகாது, திருப்பி அனுப்புவார்கள். டீசலுக்கோ முகாம் அரிசிக்கோ கைக்காசு போட்டால் ரசீது இல்லாமல் போடாதே. வனவர் சம்பளம் கரைவதில் பாதி இப்படித்தான்.

உன்னிடம் வேலை பார்க்கும் வனக்காப்பாளர் புதிதாகச் சேர்ந்தவர் என்றால் அவர் அடிப்படை 18,200. அகவிலைப்படியோடு 28,756, ஓய்வூதியப் பிடித்தம் போக 25,880. வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குத் தொகுப்பூதியம்தான், அகவிலைப்படியும் கிடையாது. அவர்கள் கைக்காசில் டீ வாங்கவைக்காதே. நீ அப்படிச் செய்கிறவள் இல்லை என்று தெரியும். அதில் எனக்குப் பெருமைதான்.

இன்னொன்று. ஈட்டிய விடுப்பு 15 நாள் சரண் செய்து பணமாக்குவது 2020-இல் நின்றுபோனது. நீ சேர்ந்ததே அந்த வருஷம் என்பதால் வாங்கிப் பழக்கம் இருக்காது. இந்த அக்டோபரிலிருந்து திரும்பக் கொடுக்கிறார்கள். சேர்ந்த மாதத்தைப் பொறுத்து உன் முறை வரும். உன் கணக்குக்கு 32,864 ரூபாய். அதைத் தொடாமல் உன் பெயரில் போட்டு வை. எனக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது, நீ 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவள், உனக்குப் பங்களிப்பு ஓய்வூதியம்தான். உனக்குப் பிடிக்கிற பணம் அரசின் பங்கோடு வட்டி சேர்ந்து கிடக்கும், நடுவில் அவசரத்துக்கு எடுக்க முடியாது. அதனால் கையில் தனியாக ஒரு சேமிப்பு வேண்டும். திருமண முன்பணத்தையும் 5 லட்சமாக்கிவிட்டார்கள். தெரிந்துகொள் என்று எழுதினேன், வேறொன்றும் இல்லை.

நம் பக்கம் மாறுதல் கேட்கலாம். யானை இல்லை. தைலமரத் தோட்டம், கண்மாய்க் கருவேல், வேட்டங்குடி பறவைகள். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக் கூட வெடி போடமாட்டார்கள், அந்த ஊரில் உனக்கு என்ன வேலைப்பளு இருந்துவிடப் போகிறது? மலைப்படி போய்விடும், ஆனால் நம் வீடு இருக்கிறது, வாடகைப்படி கையில் நிற்கும். அரிசி, மளிகை, பால், மருந்து எல்லாம் சேர்த்துப் போன மாதம் எங்கள் இருவருக்கும் 19,400. இந்த ஊரில் 59 ஆயிரம் மரியாதையான சம்பளம்தான். சாப்பாட்டில் அது கரையாது. மொய், சீர், செய்முறை, பங்காளிகளோடு பொதுவான பெரிய வீட்டுக்குப் பங்கு என்றுதான் கரையும். தங்கம் என்று போனால் நிற்கவே நிற்காது. ஒரு பவுன் லட்சத்தைத் தொட்டுவிட்டது. உன் ஒரு மாதச் சம்பளத்தில் ஐந்து கிராம்கூட முழுசாக வராது.

மெய்யம்மை, தீபாவளிக்கு நீ சங்கிலியைக் கேட்டபோது லாக்கரில் இருக்கிறது என்றேன். லாக்கரில் இல்லை. நீ உன் சம்பளத்தில் வாங்கிய அந்த ஐந்து பவுனைப் போன வருஷம் ஐப்பசியில் 2 லட்சத்துக்கு அடகு வைத்தேன். பெரிய வீட்டு மேல்தளம் ஒழுகியபோது பங்காளிகள் முன்னால் என் பங்கைக் கொடுக்க முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூற்றுக்கு ஒன்றரை வட்டி, மாதம் 3,000. நீ வீட்டுச் செலவுக்கு அனுப்பும் 15,000-இல் இருந்துதான் அந்த 3,000 போகிறது. உன் நகைக்கு நீயே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். ஆத்தாவுக்கு இது தெரியாது.

தை மாதத்திலிருந்து வட்டி போக 8,000 அசலை என் ஓய்வூதியத்திலிருந்து கட்டுகிறேன். அதிகம் போனால் 25 மாதம் ஆகும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், மிச்சத்தையும் அசலிலேயே போடுகிறேன். நீ இனி 12,000 அனுப்பினால் போதும். சரண் பணத்தை இதற்கென்று அனுப்பிவிடாதே, அனுப்பினாலும் திருப்பித்தான் போடுவேன். அடகுச் சீட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். எடை, தேதி, வட்டி எல்லாம் அதில் இருக்கிறது, சரிபார்த்துக்கொள். ஆத்தாவிடம் நானே சொல்கிறேன், பொங்கலுக்கு முன்னால்.

காதை மூடிக்கொண்டு போ. மாறுதல் விண்ணப்பத்தை யோசி.

இப்படிக்கு,
அப்பச்சி