48 மணி நேரமா, இரண்டு வேலை நாளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் பதில்' என்று அறிவிக்கும் அலுவலகங்கள் மணிக்கணக்கை விட்டுவிட்டு 'இரண்டு வேலை நாளுக்குள்' என்று எழுத வேண்டும். பகலில் மட்டும் திறந்திருக்கும் இடத்துக்கு மணிக்கணக்கு பொருந்தாது.

திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரை இயங்கும் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளி மாலை 4 மணிக்கு ஒரு புகார் பதிவாகிறது. கடிகாரப்படி கெடு ஞாயிறு மாலை 4 மணி. அன்று அலுவலகத்தில் ஆள் இல்லை. திங்கள் காலை ஊழியர் கணினியைத் திறக்கும்போதே 'கெடு தாண்டியது' என்று காட்டும். இதைத் தவிர்க்க, அலுவலக நேரத்தை மட்டும் எண்ணும்படி மென்பொருளை மாற்றுகிறார்கள். ஆனால் 48 என்ற எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வினையே அங்கேதான். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 48 மணி நேரம் என்பது ஆறு வேலை நாள். வெள்ளியன்று ஒரு மணி, அடுத்த வாரம் முழுக்க 40 மணி, மீதி 7 மணி என்று ஓடி, அதற்கும் அடுத்த திங்கள் மாலை 4 மணிக்குத்தான் கெடு முடியும். பத்து நாள்! புகார்தாரர் இரண்டு நாளில் பதில் வரும் என்று காத்திருக்கிறார். அலுவலக அறிக்கையிலோ எல்லாம் கெடுவுக்குள் முடிந்ததாகப் பதிவாகிறது.

வேலை நாள் என்று எழுதினால் மட்டும் போதாது, அதன் பொருளையும் சொல்ல வேண்டும். பதிவான நாளை எண்ணாமல், மறு வேலை நாளையே முதல் நாளாகக் கொள்ள வேண்டும். அலுவலகம் மூடிய பிறகு இணையம் வழி வருவது அடுத்த வேலை நாளில் வந்ததாகக் கணக்கு. கடைசி நாளில் அலுவலகம் மூடும் நேரமே கெடு. இப்படி எண்ணினால் மேலே சொன்ன புகாருக்குச் செவ்வாய் மாலை 5 மணிக்குள் பதில் வந்தாக வேண்டும். அரை நாள் இயங்கும் கிழமை இருந்தால் அதை வேலை நாளாக எண்ணாமல் விடுவதே குழப்பமில்லாதது.

விடுமுறைப் பட்டியலை ஆண்டு பிறக்கும் முன்பே மென்பொருளில் ஏற்றிவிட வேண்டும். இல்லையேல் விடுமுறையும் வேலை நாளாக எண்ணப்பட்டுவிடும். திடீர் விடுமுறை வந்தால் நிலுவைப் புகார்களின் கெடுவைத் திரும்பக் கணக்கிட்டு, உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நாள் கணக்கில் ஒரு குறை உண்டு. காலை 9 மணிக்கு வந்ததற்கும் மாலை 4.50-க்கு வந்ததற்கும் ஒரே கெடு என்பதால், வேலை கடைசி நாள் மாலையில் குவியும். முதல் நாள் மதியம் வரை யாரும் தொடாத புகார் மேற்பார்வையாளருக்குப் போகும்படி வைத்தால் இது குறையும். உள்ளுக்குள் கண்காணிக்க மணிக்கணக்கு தாராளமாக இருக்கலாம்.

எரிவாயுக் கசிவு, அறுந்து விழுந்த மின்கம்பி போன்றவற்றுக்கு இது எதுவும் பொருந்தாது. இரவு பகலாக ஆள் இருக்க வேண்டிய அந்தச் சேவைகளில் மணிக்கணக்குதான் வேண்டும். வேலை நாள் என்ற பேச்சே கூடாது.

ஒப்புகைச் சீட்டில் 'இரண்டு வேலை நாள்' என்பதோடு கிழமை, தேதி, நேரத்தையும் அச்சிட வேண்டும். ஊழியரின் திரையில் அந்தக் கெடு ஏற்கெனவே இருக்கிறது. புகார்தாரரின் கையிலும் அது இருக்கட்டும். 'உங்கள் புகார் கிடைத்தது' என்று தானாகப் போகும் குறுஞ்செய்தியைப் பதிலாகக் கணக்கு வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
புகார் தீர்வுப் பணியில் உள்ள வாசகர்கள்